உடையாத கால்

அந்த மூன்று வாரமும் என் ஒற்றை அறைக் காம்பராவின் கதவைச் சாத்த யாரும் விடவில்லை. காலையில் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். மாலையில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள், இடுப்பில் கட்டிய ஈரச் சாக்குப் படங்கைக்கூட அவிழ்க்காமல் உள்ளே வந்து, கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, மாவுக்கட்டுப் போட்ட என் காலைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். ஒருத்தி ஆட்டெலும்பு சூப்பு கொண்டுவருவாள். இன்னொருத்தி அவித்த முட்டையை முந்தானையில் பொத்திக்கொண்டு வருவாள். ஒரே கூரையின் கீழ் வரிசையாக நீளும் அதே லயத்தில் இத்தனை வருஷம் இருந்தும், அதற்கு முன் அவர்களில் பாதிப்பேர் என் வாசற்படியைத் தாண்டியதில்லை.

காரணம் நான் டீச்சர். இதே தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறேன். இதே லயத்தில்தான் பிறந்தேன், என் அம்மாவும் இவர்களோடுதான் கொழுந்து பறித்தார். ஆனாலும் ஒரு கைப்பையும் குடையுமாக நான் நடக்க ஆரம்பித்த நாளிலிருந்து என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வழியில் கண்டால் ஒதுங்கி நிற்பார்கள். பிள்ளையைப் பற்றி ஏதாவது கேட்க வந்தாலும் வாசலில் நின்றே கேட்பார்கள். உள்ளே வாருங்கள் என்றால், “பரவால்லங்க டீச்சர், கால்ல சேறு” என்பார்கள். என் வீட்டுக்காரர் இருந்தவரை இது எனக்குத் தெரியவில்லை. அவர் ஊர்க்கதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். அவர் மாரடைப்பில் போய், ஒரே மகனும் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போன பிறகு, என் மீதிருந்த மரியாதை எவ்வளவு குளிரானது என்று நன்றாகவே தெரிந்துகொண்டேன்.

விழுந்தது ஒரு காலை நேரம். எங்கள் லயம் மேலே, பள்ளிக்கூடம் கீழே ரோட்டோரம். நடுவில் உள்ள படிகள் மழைக்காலத்தில் பாசி பிடித்துக் கிடக்கும். முந்தின நாள் திருத்திய பிள்ளைகளின் கொப்பிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினேன். குடை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், கொப்பிகள் எல்லாப் பக்கமும். மழைத் தண்ணீர் ஓடும் கானுக்குள் உட்கார்ந்த நிலையில் கிடந்தேன். இடது பாதம் முன்னால் மடங்கி, குதிகாலுக்கு மேலே, பின்பக்கமாக, யாரோ கத்தியை விட்டுத் திருகுவதுபோல் வலித்தது. மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. கூப்பிட்டேன். எல்லோரும் கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விட்ட நேரம். கொப்பிகள் நனைவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அழுதேனா என்று கேட்டால், ஆமாம், அழுதேன். வலிக்காக மட்டும் இல்லை.

அடுத்த காம்பராவில் இருப்பவள்தான் என்னைக் கண்டாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அன்றைக்கு மலைக்குத் தாமதமாகப் போனவள். என்னைவிட வயதில் இளையவள், ஆனால் பிடி இரும்புப் பிடி. கூடையைக் கானோரம் வைத்துவிட்டு, என்னை முதுகில் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினாள். ஆட்டோ பிடித்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும் அவள்தான்.

அங்கே எக்ஸ்ரே எடுத்தார்கள். வார்டில் நின்ற இளம் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கணுக்காலுக்குப் பின்னால் ஒரு பட்டாணி அளவுக்கு ஒரு துண்டு தனியாக நின்றது. எலும்பு உடைந்து பிரிந்திருக்கிறது என்றார். மாவுக்கட்டு ஆறு வாரம், கால் கீழே படக்கூடாது, மூன்றாவது வாரம் எலும்பு கிளினிக்கில் காட்ட வேண்டும். படத்தை எங்கள் கையிலேயே கொடுத்துவிட்டார்கள்.

இங்கே எலும்புக்கு ஒரு மரியாதை உண்டு என்பதைச் சொல்ல வேண்டும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் போய், சுளுக்கு, வீக்கம், இடுப்பு வலி என்று சொன்னால் யாரும் காது கொடுப்பதில்லை. எண்ணெய் தேய்த்துக்கொண்டு மலைக்கு ஏறு என்பார்கள். வலி எல்லோருக்கும்தான் இருக்கிறது, அதை எப்படிக் காட்டுவது? ஆனால் எலும்பு உடைந்தது என்றால் பேச்சு மாறிவிடும். அதற்குப் படம் இருக்கிறது. படத்தைக் கங்காணிக்குக் காட்டலாம், வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் ஐயாவுக்குக் காட்டலாம், யாரும் நடிப்பு என்று சொல்ல முடியாது. அதனால் எங்கள் லயத்தில் ஒருவருக்கு எலும்பு உடைந்தால் அது லயத்துக்கே வந்த காரியம். சமைக்க முறை போட்டுக்கொள்வார்கள், தண்ணீர் எடுத்துக் கொடுப்பார்கள், துணி துவைப்பார்கள். சுளுக்குக்கு அதெல்லாம் கிடையாது.

என் படத்தை லயமே பார்த்தது. அடுத்த காம்பராக்காரி வாசலில் நின்று அதை வானத்துக்கு எதிரே தூக்கிப் பிடிப்பாள். வருகிறவர்களுக்கெல்லாம் விரலை வைத்துக் காட்டுவாள்.

“இந்தா இருக்கு பாருங்க, தனியா. அந்தத் துண்டுதான். எப்பிடித்தான் வலி தாங்குறாங்களோ.”

பார்த்தவர்கள் எல்லோரும் அந்தத் துண்டைக் கண்டார்கள். எனக்கும் அது நன்றாகத் தெரிந்தது. யாருக்குச் சந்தேகம் வரும்?

என் மகனுக்கும் கைபேசியில் படத்தை அனுப்பிவைத்தேன். அவன் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரத் துணிக்கடையில் வேலை செய்கிறான். நல்ல பிள்ளை, குறை சொல்ல முடியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசுவான், அதுவும் சாப்பிட்டீங்களா, மழையா, சரிம்மா என்கிற அளவோடு முடிந்துவிடும். படம் போன அன்றைக்கு அவன் குரலே வேறாக இருந்தது. அதற்குப் பிறகு தினமும் மாலையில் கூப்பிட்டான். யார் சமைத்தார்கள், என்ன சமைத்தார்கள், காலைத் தலையணையில் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டான். முதலாளியிடம் சொல்லிவிட்டானாம். சரக்கு வந்து இறங்கும் வேலை முடிந்ததும், மூன்றாவது வாரக் கடைசியில் வந்து பத்துநாள் என்னோடு இருப்பானாம். “நான் வந்து பாத்துக்கிறேன்மா” என்றான். நான் போனை வைத்துவிட்டு வெகுநேரம் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் உடைந்ததற்குச் சந்தோஷப்பட்ட ஒரே பொம்பிளை நானாகத்தான் இருப்பேன்.

அவன் வரப்போகிறான் என்ற நினைப்பிலேயே அந்த நாட்கள் ஓடின. அவனுக்குப் பிடித்த கருவாட்டை வாங்கிவைக்கச் சொன்னேன். அவன் படுக்கும் மெத்தையை வெயில் கண்ட ஒரு நாள் வெளியே போடச் சொன்னேன். லயத்துப் பெண்களும் அவன் வரவைப் பற்றியே பேசினார்கள். மாலையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டு, எந்த மலையில் அட்டை அதிகம், யார் மகள் யாரோடு பேசுகிறாள் என்று அளப்பார்கள். நான் டீச்சர் என்பதை மறந்து என் முன்னால் கெட்ட வார்த்தைகூடப் பேசினார்கள். எனக்கு அவ்வளவு ஆனந்தம்.

கிளினிக் போன நாள், மகன் வருவதற்கு இரண்டு நாள் முன்பு. எலும்பு டாக்டர் ஒரு சிங்களப் பெண். நிதானமாக, தேடித் தேடித் தமிழ் பேசினார். படத்தைப் பார்த்தார், கட்டுக்கு மேலாக விரலை வைத்து எங்கே வலித்தது என்று கேட்டார், பிறகு வலது காலையும் எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. வலிப்பது இந்தக் கால், அந்தக் காலை எதற்கு எடுக்க வேண்டும் என்று கேட்டேன். எடுத்துக்கொண்டு வாருங்கள், பார்ப்போம் என்றார். வகுப்பில் பிள்ளைகளிடம் நான் பேசும் அதே தொனி. வாயை மூடிக்கொண்டு போனேன்.

இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். வலது காலிலும் அதே இடத்தில், அதே அளவில், அதே பட்டாணி.

“அம்மா, இது ஒடஞ்சது இல்ல” என்றார். “இது உங்களோடதுதான்.”

பிறகு விளக்கினார். உடைந்த எலும்பின் ஓரம் பிய்த்த ரொட்டிபோல் ஒழுங்கில்லாமல் இருக்குமாம். இது சுற்றிலும் வழுவழுப்பாக, கூழாங்கல்போல் இருக்கிறது. சின்ன வயதில் பெரிய எலும்போடு ஒட்டிக்கொள்ள வேண்டிய துண்டு சிலருக்கு ஒட்டாமல் தனியாகவே நின்றுவிடும், சில குடும்பங்களில் பரம்பரையாகவும் வரும், அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை, பல டாக்டர்களும் இதைப் பார்த்து ஏமாறுவதுண்டு என்றார். எனக்கு வந்தது சுளுக்கு. மோசமான சுளுக்குத்தான். அதோடு அந்தச் சின்ன எலும்பும் இரண்டு பெரிய எலும்புக்கு நடுவே நசுங்கியிருக்கிறது. பாதம் கீழ்நோக்கி மடங்கும்போதெல்லாம் வலிக்கும், பள்ளம் இறங்கும்போது முக்கியமாக, சில மாதம்கூட இருக்கலாம். பள்ளம் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். எங்கள் ஊரில் பள்ளம் இறங்காமல் ஒரு வாளித் தண்ணீர்கூட எடுக்க முடியாது என்பதை நான் அவருக்குச் சொல்லவில்லை.

கட்டை அறுத்து எடுத்தார்கள். உள்ளே கால் வெளுத்து, சூம்பி, யாருடைய காலோ மாதிரி இருந்தது. சந்தோஷப்பட வேண்டிய செய்தி. நானும் சிரித்து நன்றி சொன்னேன். ஆனால் ஆட்டோவில் வரும்போது இரண்டு படத்தையும் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன்.

லயத்தில் விஷயத்தைச் சொன்னேன். மறைக்க என்ன இருக்கிறது? அடுத்த காம்பராக்காரி இரண்டு படத்தையும் மாறி மாறி வானத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“அப்ப ஒண்ணுமில்லையா டீச்சர்?”

“ஒண்ணுமில்ல.”

அவள் முகத்தில் கோபம் இல்லை. ஏமாந்துபோன ஒரு சின்ன வெட்கம் மட்டும்தான். இத்தனை நாள் எல்லோருக்கும் விரலை வைத்துக் காட்டியவள் அவள் அல்லவா. நல்லதாப் போச்சு டீச்சர் என்று சொல்லிவிட்டு, சூப்புப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனாள். அன்று மாலை இரண்டு பேர்தான் வந்தார்கள், அவர்களும் நின்றுகொண்டே பேசினார்கள். அடுத்த நாள் யாரும் வரவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். சுளுக்கோடு மலை ஏறி இறங்குகிறவர்கள் அவர்கள். அவர்களுக்கு யார் சூப்பு வைத்துக் கொடுத்தார்கள்? ஒரு வாரத்துக்குள் மறுபடி வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டார்கள், கால்ல சேறு என்று.

கிளினிக் போன அன்றே மகனுக்கும் சொன்னேன். அவனுக்கு உண்மையாகவே சந்தோஷம்.

“நல்ல வேளம்மா. அப்ப ஒண்ணுமில்லையே” என்றான். “நான் இந்த லீவ தீபாவளிக்கு வச்சுக்கிறேன். இப்ப கடையில ஆள் கொறவு.”

அதுவும் சரி என்று நானே சொன்னேன். சொல்லாமல் வேறு என்ன சொல்வது? கருவாட்டை அடுத்த காம்பராவுக்குக் கொடுத்துவிட்டேன். எனக்கு அதன் வாடை பிடிக்காது.

பள்ளிக்கூடத்தில் என்னைக் கேலி செய்தார்கள். எலும்பு ஒன்று கூடுதலாக இருப்பதால்தான் டீச்சர் இவ்வளவு நிமிர்ந்து நடக்கிறார் என்று பள்ளி அதிபர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காலையில் அந்தப் படிகளில் இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் அந்தப் பட்டாணி எனக்குள் நசுங்கியது. பக்கவாட்டாக, நண்டுபோல, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கப் பழகினேன். கால் எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. உடையவே உடையாத காலைப் பற்றிக் கேட்க என்ன இருக்கிறது? நானும் சொல்லவில்லை. படம் இல்லாத வலியைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. மாலையில் கதவைச் சாத்திவிட்டு, வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பக்கத்துக் காம்பராவில் சிரிப்பது சுவர் வழியாக நன்றாகக் கேட்கும். தீபாவளிக்கு மகன் வந்தான். மத்தியானம் வந்து, சாப்பிட்டு, அசந்து தூங்கி, மறுநாள் காலை ரயிலில் போய்விட்டான். பத்துநாள் லீவைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் மழை தொடங்கிய சமயம், ஒரு மாலையில் கைபேசியில் ஒரு படம் வந்தது. கால் எக்ஸ்ரே. என் படத்தையே ஏன் திருப்பி அனுப்பியிருக்கிறான் என்று நினைத்தேன். அந்தப் பட்டாணி அதே இடத்தில் நின்றது. நான் பதில் போடுவதற்குள் அவனே கூப்பிட்டான். துணிமூட்டையோடு கடை மாடிப்படியில் சறுக்கிவிட்டானாம். பக்கத்தில் ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினானாம், உடைந்திருக்கிறது என்றார்களாம். மறுநாள் காலை மாவுக்கட்டுப் போடுகிறார்கள்.

“ஆறு வாரம் லீவும்மா. மொதலாளியே வீட்டுக்குப் போயிட்டு வான்னுட்டாரு. கடை வேனுல கொண்டாந்து விடச் சொல்றேன்னாரு.”

ஆறு வாரம். அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டதும் என் காம்பராவில் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. மெத்தை, கருவாடு, மாலையில் கட்டிலைச் சுற்றி லயத்துப் பெண்கள், நடுவில் என் மகன். கதவு சாத்தாத ஆறு வாரம். நான் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும். அவன் நான் பயந்துவிட்டேன் என்று நினைத்து, “அம்மா, பயப்படாதீங்க” என்றான்.

பிள்ளையின் நல்ல காலை ஆறு வாரம் கட்டிவைக்க எனக்கு மனம் வரவில்லை. சொல்லிவிட்டேன். அது உடைந்தது இல்லையப்பா, என்னுடையதைப் பார், உனக்கும் வந்திருக்கிறது, கட்டுப் போடுமுன் மற்றக் காலையும் எடுக்கச் சொல் என்றேன். அவன் நம்பவில்லை. என் பழைய படத்தைத் தேடி அனுப்பினேன். இரண்டையும் பார்த்தான். பிறகு, நாளைக்கு கேட்டுப் பாக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டான்.

மறுநாள் மாலை கூப்பிட்டான். மற்றக் காலிலும் அதே துண்டு. கட்டுப் போடவில்லை. நன்றிம்மா, நல்ல வேளை சொன்னீங்க என்றான். இதை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அடுத்த காம்பராக்காரி, கேட்கவும் செய்தாள். சொல்லாமல் இருந்திருந்தால் பிள்ளை வீட்டுக்கு வந்திருக்குமே டீச்சர் என்று. நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். மகன் இன்னும் போனை வைக்கவில்லை. அவன் மூச்சு கேட்டது.

“ஒண்ணுமில்லைன்னு அனுப்பிட்டாங்கம்மா” என்றான். “ஆனா கீழ வைக்க முடியல. கடையிலயும் ஒண்ணுமில்லையாமேங்கிறாங்க. தங்கியிருக்கிற போர்டிங்ல எல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்க. சாப்பாடு எடுக்கக் கீழ எறங்கணும், அதான் முடியல.”

அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

“ஒங்களுக்கும் இப்பிடித்தான் வலிச்சிச்சா?”

“ஆமாப்பா.”

“ஏம்மா சொல்லல?”

ஒரு வருஷமாக யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த கேள்வி. வந்தபோது, காலை ஒசத்தி வச்சுக்கப்பா என்று மட்டும் சொன்னேன்.

அதிபரிடம் இரண்டு நாள் லீவு சொன்னேன். மகனுக்குக் கால் உடைந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை சேர் என்றேன். பிறகு எதற்கு என்பதுபோல் பார்த்தார். காலையில் ஹட்டனில் ரயில் ஏறினேன். கொழும்பில் இறங்கி, மேம்பாலத்துப் படிகளில் நண்டுபோல் பக்கவாட்டாக இறங்கும்போது, பின்னால் வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

போர்டிங் ஒரு இருட்டுக் கட்டிடத்தின் இரண்டாம் மாடி. கதவு திறந்தே இருந்தது. என் மகன் பாயில், சுவரில் சாய்ந்து, வீங்கின காலை ஒரு துணிமூட்டை மேல் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் பாதி தின்ற பாண் துண்டு. என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தான், முடியவில்லை.

“ஏம்மா இவ்வளவு தூரம்? அதான் ஒடையலையே.”

“ஒடையலன்னு சொன்ன. அதான் வந்தேன்.”

நான் கைப்பையை வைத்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தேன். அவன் மெதுவாகக் காலை என் மடியில் நீட்டினான்.